கணக்கேடு யார் கையில்?

ஏர் பிடிப்பவனைப் பற்றி ஏடு தீட்டுவோர் எந்த நாட்டிலும் உண்டு. வைகறையில் சேவல் கூவும். வயலில் பனித்துளி மின்னும். பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி உழவன் கழனி செல்வான். உச்சிப் பொழுதில் வயிறார உண்பான். இரவில் நிலவொளியிலே கூடி ஆடுவான். இவ்வளவும் எழுதிவிட்டால் போதும், இலக்கியம் பிறந்துவிட்டது என்று ஏட்டாளர் எண்ணுகிறார். எழுதியவருக்குப் புகழ்! படித்தவருக்குப் பரவசம்! அந்த ஏட்டிலே உலவுகின்ற உழவனுக்கு? ஆண்டு முடிவில் அவன் மடியிலே என்ன மிஞ்சிற்று? அதைக் கேட்டவர் எத்தனை பேர்?

இக்கேள்வியை மனத்திற்கொண்டு, அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் சிறு குடும்பப் பண்ணையின் வாழ்வை, குறிப்பாக அதன் கோடைக் காலத்தை, எடுத்துரைக்கும் சில நூல்களை எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டென உலகம் சுட்டுகின்ற நாடு அது. அந்த நாட்டிலே, தம் கையால் விளைத்த பருத்தியை நெய்து வந்த துணியை வாங்க வகையின்றி, மாவுச் சாக்கைப் பிரித்துக் குழந்தைக்குச் சட்டை தைத்த தாய்மார் இருந்தனர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? வியப்பு வேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா ஆகிய மாநிலங்கள் பருத்தி மண். ஏப்ரலில் விதைப்பு. மே மாதத்தில், நெருக்கமாக முளைத்த செடிகளைக் கொத்திக் கலைத்து, களை எடுக்க வேண்டும். குடும்பமே குனிந்து நிற்கும் வேலை அது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் விலக்கில்லை. பின்னர், வரிசைகளுக்கு நடுவே கோவேறு கழுதை பூட்டிய ஏரைத் திரும்பத் திரும்ப ஓட்டி மண்ணைக் கிளறுவார்கள். ஜூலையில் கடைசி ஏர் ஓட்டிவிட்டால் அதன்பின் செடியைத் தொடுவதில்லை. காய் முற்றி வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகஸ்டு இறுதியில் வெடிக்கத் தொடங்கும். தோளில் நீண்ட சாக்கை மாட்டி இழுத்துக்கொண்டு, வெடித்த ஓட்டின் கூர்முனைகள் விரலைக் கிழிக்கக் கிழிக்க, வெயில் முதுகைச் சுட, பறிப்பு நடக்கும். அக்டோபர் வரை நீளும்.

ஜூலைக்கும் ஆகஸ்டு இறுதிக்கும் இடையே கிடக்கும் அந்தச் சில வாரங்களே நம் நூலாசிரியர்கள் பலருக்குக் கோடையின் அழகாகத் தெரிகின்றன. தேவாலயத்துக் கூட்டங்கள், நாள் முழுதும் நடக்கும் பாட்டுக் கூட்டங்கள், ஆற்றங்கரையில் மீன்பிடிப்பு, மரத்தடியில் தர்ப்பூசணி! எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களில் அடுப்பில் என்ன வெந்தது என்பதையும் சொல்ல வேண்டாமா?

1930-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூல், 'ஐ வில் டேக் மை ஸ்டாண்ட்' என்பது. என் நிலையில் ஊன்றி நிற்பேன் என்று பொருள்படும். தென் மாநிலத்தார் பன்னிருவர் எழுதிய கட்டுரைகள் கொண்டது. ஜான் குரோ ரான்சம், டொனால்டு டேவிட்சன், ஆலன் டேட், ராபர்ட் பென் வாரன் முதலானோர். பெரும்பாலோர் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கவிஞர்கள், பேராசிரியர்கள். ஆலை நாகரிகம் மனிதனை எந்திரத்தின் உறுப்பாக்கிவிடுகிறது, நிலத்தோடு கூடிய வாழ்வே மனிதனை மனிதனாக வைத்திருக்கும் என்பது அவர்கள் வாதம். 1929-இல் பங்குச் சந்தை சரிந்து, ஆலைகள் மூடப்பட்டு, தெருவெங்கும் வேலையற்றோர் நின்ற நேரம். ஆகவே அவர்கள் பேச்சை வெறும் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. பொருளைக் குவிப்பதே வாழ்வா என்று அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

அத்தொகுப்பில் ஆண்ட்ரூ லைட்டில் எழுதிய கட்டுரைதான் பண்ணை வாழ்வை நேரடியாகச் சித்திரிப்பது. நடுவே காற்றோட்டமான திறந்த நடையும் இருபுறமும் அறைகளுமாக அமைந்த மரவீடு. விடியலில் பால் கறவை, மோர் கடைதல், வயல் வேலை, நண்பகலில் குடும்பம் ஒருங்கே அமர்ந்து உண்ணும் விருந்து போன்ற சாப்பாடு, இரவில் ஆட்டமும் பிடில் இசையும்! அழகாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த வீட்டுத் திண்ணையில் நாமும் சிறிது நேரம் அமரலாமா என்ற ஆசை எழும். வானொலி வேண்டாம், பிடில் போதும் என்பது அவர் அறிவுரை. நல்ல அறிவுரை! அன்று அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் எட்டியிருந்தது. வாங்கவே வழியில்லாதவனிடம் போய், வானொலியைத் துறந்துவிடு என்று துறவறம் போதிக்கிறார் ஏட்டாளர்!

கடனைப் பற்றி அவர் பேசாமல் இல்லை. பணப்பயிரை நம்பிப் பள்ளத்தில் விழும் உழவனைக் காட்டத்தான் செய்கிறார். ஆனால் பழி எங்கே போய் விழுகிறது? நகரத்தின் மேல், எந்திரத்தின் மேல், வடக்கத்திய முதலாளியின் மேல். பக்கத்து மேட்டிலே பெரிய வீடு கட்டி வாழும் நிலக்காரர் மேல் அது விழவில்லை. அவர் காட்டும் உழவன் சொந்த நிலம் உடையவன். அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் அதே 1930-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, தென் மாநிலங்களின் பண்ணைகளில் பாதிக்கு மேற்பட்டவை குத்தகைக்காரரும் வாரக்காரரும் உழுதவை. பெரும்பாலோரை விட்டுவிட்டுச் சிறுபாலோரைத் தீட்டி, இதுதான் எங்கள் நாடு என்று கூறுவது எவ்வகை நேர்மை?

அந்த நண்பகல் விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதத்து அலபாமா வெயிலிலே, விறகடுப்பு கனன்று எரியும் சமையலறையிலே நின்று அத்தனை உணவையும் ஆக்கியவள் யார்? காலையில் வயலிலும் நின்றவள், மாலையில் மீண்டும் நிற்கப் போகிறவள். உண்பவரின் மகிழ்ச்சி சுவையாகச் சொல்லப்படுகிறது. ஆக்கியவளின் முதுகு வலி சொல்லப்படவில்லை. பிறைபார்த்து வேலை செய்யும் பழக்கமும் அங்கே பரிவோடு பேசப்படுகிறது. நிலவை நம்பி விதைப்பவனை இயற்கையோடு இயைந்தவன் என்று பாராட்டுவது எளிது. பாராட்டுகிறவர் தம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பிறை பார்ப்பாரா, மருத்துவரைப் பார்ப்பாரா?

உணவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் ஒரு வரலாற்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பெல்லாக்ரா என்ற நோய் அந்த மாநிலங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை வாட்டிற்று. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் காலத்தில் வெயில்படும் கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து உரியும், வயிறு கெடும், முற்றினால் மூளை கலங்கும், சாவு வரும். தொற்றுநோய் என்றார் சிலர். பரம்பரைக் கோளாறு என்றார் சிலர். ஏழையின் இரத்தத்திலேயே இழிவு இருக்கிறது என்று கூறவும் ஆள் இருந்தது. 1914-இல் இதை ஆராய அனுப்பப்பட்டார் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர். அநாதை விடுதிகளிலே பிள்ளைகளுக்கு நோய் இருந்தது, பணியாளருக்கு இல்லை என்பதைக் கண்டார். தொற்றுநோய் ஆளைத் தேர்ந்தெடுத்தா பற்றும்? பிள்ளைகளின் உணவிலே பாலும் இறைச்சியும் பயறும் சேர்த்தார்; நோய் நீங்கிற்று. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916-இல் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவருடைய துணைவியாரும் முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

நோயின் வேர் எது? மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, சோளப் பாகு, இந்த மூன்றையே குளிர்காலம் முழுதும் தின்றதுதான். வீட்டு வாசல்வரை பருத்தி விதைக்கச் சொன்ன பண்ணையில், காய்கறித் தோட்டத்திற்கும் கறவைப் பசுவிற்கும் இடம் ஏது? 1921-இல், பருத்தி விலை சரிந்ததால் இந்நோய் பெருகும் என்ற எச்சரிக்கை வெளிவந்து, நாட்டின் தலைவரே உதவி பற்றிப் பேசியபோது, தென் மாநிலத் தலைவர்கள் சிலர் சீறி எழுந்தனர். எங்கள் நாட்டிலா பஞ்சம், எங்கள் பெருமைக்கு இழுக்கு என்றனர். நோயை மறைத்தாவது பெருமையைக் காக்க வேண்டுமாம்! இதற்கு ஒன்பது ஆண்டு கழித்து வந்ததுதான் நண்பகல் விருந்தைப் பாடிய அந்தக் கட்டுரை.

தொகுப்பில் ராபர்ட் பென் வாரன் எழுதிய கட்டுரையோ கருப்பின மக்கள் தனியே, தமக்கென வகுத்த இடத்திலேயே இருந்து முன்னேறலாம் என்ற கருத்துடையது. வாரனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அவர் அந்தக் கருத்திலேயே உறைந்துவிடவில்லை. 1956-இலும் 1965-இலும் வெளியிட்ட நூல்களில் இனப் பிரிவினையை எதிர்க்கும் பக்கம் வந்து நின்றார். தோழர் லைட்டிலைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லை.

அடுத்த நூல் வேறு வகை. 1936-ஆம் ஆண்டுக் கோடையில், 'பார்ச்சூன்' என்ற செல்வர் ஏடு, ஜேம்ஸ் ஏஜி என்ற இளம் எழுத்தாளரையும் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞரையும் அலபாமாவுக்கு அனுப்பியது. அங்குள்ள வெள்ளையினப் பருத்திக் குத்தகைக்காரர் நிலையை எழுதிவர வேண்டும் என்பது பணி. ஹேல் மாவட்டத்தில் மூன்று குடும்பங்களோடு சில வாரங்கள் வாழ்ந்து திரும்பினர். எழுதியதை ஏடு வெளியிடவில்லை. அதை விரித்து எழுதி 1941-இல் நூலாக்கினார் ஏஜி: 'லெட் அஸ் நௌ பிரெய்ஸ் ஃபேமஸ் மென்', புகழ்மிக்க மாந்தரைப் போற்றுவோம் என்று பெயர். முதற்பதிப்பு ஏறத்தாழ அறுநூறு படிகளே விற்றதாம். 1955-இல் ஏஜி மறைந்தார். 1960-இல் மறுபதிப்பு வந்தபின்தான், இன உரிமைப் போரில் குதித்த இளைஞர் பலரின் கைகளிலே அந்நூல் புரண்டது.

நூலைத் திறந்ததும் எழுத்து இல்லை. எவன்ஸ் எடுத்த படங்கள், அடியிலே பெயரோ விளக்கமோ ஏதுமின்றி. ஒரு தாயின் முகம், ஒரு தந்தையின் முகம், வெறுங்கால் பிள்ளைகள், துடைத்து வைத்த அடுப்படி. இரக்கத்தை இரந்து நிற்கும் முகங்கள் அல்ல; நம்மை நேருக்கு நேர் நோக்கும் முகங்கள். அந்தப் படங்களின் அடக்கம் எழுத்திலே இல்லை என்பதுதான் என் முதற்குறை. மரச்சுவரின் இழை ஓட்டம், விளக்கின் மெல்லொளி, வெளுத்துப்போன உழைப்புடையின் நீலம் என்று பக்கம் பக்கமாகப் போகிறார். லைட்டில் காட்டிய அதே அமைப்புள்ள வீடுதான் ஏஜி தங்கிய வீடும்: நடுவே திறந்த நடை, இருபுறமும் அறைகள். லைட்டில் அதில் மகிழ்ச்சியைக் கண்டார்; ஏஜி அதில் பேரழகைக் கண்டு, கண்டதற்காக நாணி, நாணியதற்காக மீண்டும் நாணி, தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொள்கிறார். ஏழையின் வீட்டிலே புகுந்து அவனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தேனே, நான் ஒற்றனா என்று புலம்புகிறார். புலம்பல் உண்மையானதுதான். ஆனால் எழுத்தாளரின் மனச்சான்று கொப்பளிக்கும் வேளையிலே, வீட்டுக்காரன் வயல் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். நாம் எழுத்தாளரோடு திண்ணையிலேயே நின்றுவிடுகிறோம்.

இருந்தும் இந்நூலை நான் உயர்வாக மதிக்கிறேன். காரணம், பணத்தைப் பற்றிய சில பக்கங்கள். அழகுத் தமிழில் சொல்ல வேண்டிய செய்தி அல்ல அது. எண்களிலே சொல்ல வேண்டிய செய்தி. ஏஜி எண்களிலேயே சொல்லியிருக்கிறார்.

கட்ஜர் என்று புனைபெயர் சூட்டப்பட்ட குடும்பத்தில் ஆறு பேர். நிலம் அவர்களுடையதல்ல, வீடு அவர்களுடையதல்ல, கோவேறு கழுதையும் பெரிய கருவிகளும் நிலக்காரருடையவை. விளைவதில் பாதிப் பருத்தி, பாதி விதை, பாதி மக்காச்சோளம் நிலக்காரருக்கு. நம்மவர் வாரம் என்பார்களே, அதே முறை. மார்ச்சு முதல் ஜூன் வரை நான்கு மாதங்களுக்கு உணவுக்காக நிலக்காரர் படிப்பணம் தருவார். தருவார் என்றால் கொடையா? கடன்! அறுவடையில், உழவனின் பாதியிலிருந்து அந்தப் படிப்பணமும் வட்டியும், உரத்தில் அவன் பங்கும் அதற்கு வட்டியும், இடையில் வாங்கிய கைமாற்றும் அதற்கு வட்டியும் கழியும். மருத்துவருக்குத் தரவேண்டியது தனி. இவ்வளவும் போக மிஞ்சுவது ஆறு பேரின் ஓராண்டு உழைப்பு. நல்லதொரு ஆண்டில் அவன் கண்ட உச்சம் 125 டாலர். பெரும்பாலான ஆண்டுகளில் 25 அல்லது 30. மூன்று ஆண்டுக்கு ஓராண்டு கடனிலேயே முடிந்தது. ஏஜி செல்வதற்கு முந்திய ஆண்டில் 12 டாலர் கடன். அதற்கு முந்திய ஆண்டில் 80 டாலர் கடன்.

இப்போது கோடையின் அழகுக்குத் திரும்புங்கள். படிப்பணம் ஜூனோடு நின்றுவிடும். பருத்தி வெடிப்பதோ ஆகஸ்டு இறுதியில். ஜூலை, ஆகஸ்டு? பாட்டுக் கூட்டமும் தர்ப்பூசணியும் கொண்டு பாராட்டப்படுகிற அதே வாரங்களில்தான் வீட்டில் காசு இல்லை. கட்ஜர் மரம் அறுக்கும் ஆலைக்குக் கூலியாகச் செல்கிறான். ஓய்வுக் காலம் என்று ஏட்டாளர் பெயரிட்ட காலம், உழவனுக்குக் கூலி தேடி அலையும் காலம். இதைக் கண்டு எழுதியமைக்காக ஏஜியின் மரச்சுவர் வருணனைகளை எல்லாம் மன்னித்துவிடலாம். வெளியிடப்படாது கிடந்த அந்த முதல் கட்டுரை 2013-இல் 'காட்டன் டெனன்ட்ஸ்' என்ற பெயரில் தனி நூலாக வந்திருக்கிறது. நேரம் குறைவான தோழர்கள் அதையே படிக்கலாம். புலம்பல் குறைவு, செய்தி மிகுதி.

ஆனால் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. பெரிய நூலின் தொடக்கத்தில் கருப்பின மக்கள் இருமுறை தோன்றுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்த விருந்தினரை மகிழ்விக்க நிலக்காரர் தரப்பினர் கருப்பினத்தார் மூவரைப் பாட வைக்கிறார்கள். பாடியபின் ஏஜி வெட்கத்தோடு அரை டாலர் தருகிறார். மற்றொரு நாள், தேவாலயம் ஒன்றைத் திறக்க யாரிடம் கேட்பது என்று அறிய, முன்னே நடந்த ஓர் இளம் கருப்பின இணையரை நோக்கி ஓடுகிறார். வெள்ளையன் ஓடிவரும் ஓசை கேட்டு அந்தப் பெண் அஞ்சி நடுங்குகிறாள். இரண்டும் நெஞ்சைத் தைக்கும் இடங்கள். அதன் பிறகு அவர்கள் எங்கே? மூன்று வெள்ளைக் குடும்பங்களின் வீட்டிலே ஆணி எத்தனை என்று எண்ணிய எழுத்தாளர், அதே மாவட்டத்தில், அதே பருத்தியை, அதே பாதி வாரத்திற்கு விளைத்த கருப்பினக் குடும்பம் ஒன்றின் வாயிற்படியைக்கூட மிதித்துக் காட்டவில்லை. ஏடு இட்ட பணி அப்படி என்பார்கள். ஏடு இட்ட வேறு எல்லைகளையெல்லாம் உடைத்தவர்தானே ஏஜி? இந்த எல்லையை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?

அந்தக் கதவை உள்ளிருந்தே திறந்து காட்டியவர் நெட் காப். அலபாமாவின் டல்லபூசா மாவட்டத்தைச் சேர்ந்தவர், 1885-இல் பிறந்தவர், கருப்பின உழவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1969-இல், உழவர் சங்க வரலாற்றைத் தேடிச் சென்ற தியடோர் ரோசன்கார்ட்டன் என்ற இளைஞர், ஏன் சங்கத்தில் சேர்ந்தீர்கள் என்று எண்பத்து நான்கு வயதான அந்தப் பெரியவரைக் கேட்டார். விடையாக அவர் தம் வாழ்க்கையையே சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகி, 1974-இல் 'ஆல் காட்ஸ் டேஞ்சர்ஸ்' என்ற நூலாயிற்று. நூலில் அவர் பெயர் நேட் ஷா. 1975-இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசு பெற்றது. 1973-இலேயே மறைந்த காப், அதைப் பார்க்கவில்லை.

இந்நூலில் வருணனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட வருணனை! தாம் வைத்திருந்த கோவேறு கழுதைகளைப் பற்றி, ஒவ்வொன்றின் பெயர், நிறம், குணம், விலை, எவரிடம் வாங்கினார், என்ன கொடுத்தார் என்று அவர் சொல்லும்போது, பாசமும் கணக்கும் ஒரே மூச்சில் வருகின்றன. பருத்தி வரிசையைப் பற்றிய பேச்சிலே உழைப்பவனின் பெருமிதம் இருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே அவ்வாண்டு விலை என்ன, வணிகர் என்ன பிடித்துக்கொண்டார் என்பது வந்துவிடுகிறது. கடைசி ஏர் ஓட்டிய பின் வரும் கோடை நாட்களில் அவர் மரத்தடியில் சாயவில்லை. தம் கழுதைகளைப் பூட்டி மரம் ஏற்றி இழுத்துக் கூலி பெற்றார். கருவாலி மரப் பட்டையில் கூடை முடைந்து விற்றார். படிப்பணம் தேடி நிலக்காரர் வாயிலில் நிற்காமல் இருப்பதற்கு அதுவே வழி என்று கண்டவர். பாதி வாரத்தில் தொடங்கி, சொந்தக் கழுதை, சொந்த வண்டி, பின்னர் ஒரு ஃபோர்டு கார் என்று அவர் மேலே வந்தார்.

மேலே வர வரத்தான் ஆபத்து! கடனில் கிடக்கும் கருப்பன் வேண்டும். கடன் அடைத்தவன் வேண்டாம் என்பது அந்த ஊர் நியதி. கணக்கேடு எப்போதும் வெள்ளை வணிகரிடமும் நிலக்காரரிடமும்தான். அவர் எழுதியதே எழுத்து. கேள்வி கேட்டால் திமிர். காப் தம் நினைவையே ஏடாக வைத்துக்கொண்டார்; அறுபது ஆண்டுக்கு முந்திய பருத்தி எடையும் கடன் தொகையும் அவர் நாவிலே நின்றன. அவருக்குப் பெருந்துணை அவருடைய மனைவி. அந்த அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியும். கையெழுத்துக்கென்று நீட்டப்படும் பத்திரத்தை அவர் படித்துச் சொல்வார். வீட்டுப் பொருள் முழுவதையும் அடமானத்தில் மடக்கும் பத்திரத்தை அவர் கண்டுபிடித்துத் தடுத்து நிற்கும் இடத்தை, பெண்கல்வி எதற்கு என்று இன்னமும் கேட்பவர் எவரேனும் இருந்தால், அவருக்குப் படித்துக் காட்டலாம். லைட்டிலின் பண்ணையில் பெண் மோர் கடைகிறாள். ஏஜியின் நூலில் பெண் நம்மை உற்று நோக்குகிறாள். இங்கேதான் பெண் பத்திரத்தைப் படிக்கிறாள்!

1930-களின் தொடக்கத்தில் அலபாமாவில் பங்கு உழவர் சங்கம் தோன்றியது. 1932 டிசம்பரில், அண்டை உழவர் ஒருவரின் கால்நடைகளைக் கடனுக்காகப் பற்றிச் செல்ல அதிகாரிகள் வந்தபோது, காப் குறுக்கே நின்றார். துப்பாக்கி பேசிற்று. காயமுற்றார், பிடிபட்டார், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். சங்கத் தோழர்களின் பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. சிறையிலிருந்து மீண்டபோது உலகம் மாறியிருந்தது. பருத்தி பறிக்கும் எந்திரமும் டிராக்டரும் வந்துகொண்டிருந்தன. கழுதை ஓட்டும் கலையில் வல்லவருக்கு அந்தக் கலை இனி வேண்டாம் என்று காலம் கூறிற்று. அவர் பேச்சில் அழுகை இல்லை. அதுவே ஏஜிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு.

இடையில் 1933-ஆம் ஆண்டுக் கோடையையும் குறிப்பிட்டாக வேண்டும். விலை உயர வேண்டும் என்பதற்காக, விளைந்து நின்ற பருத்தியில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரை உழுது புதைக்க அரசு பணம் கொடுத்தது. செடிமேல் கால் படாமல் நடக்கப் பழகிய கழுதைகள் செடியை மிதிக்க மறுத்தன என்று கதை சொல்வார்கள். பணம் நிலக்காரர் பெயருக்கு வந்தது. வாரக்காரர் பலருக்கு அவர்கள் பங்கு வந்து சேரவேயில்லை. பயிர்ப் பரப்பு குறைந்ததால் வெளியேற்றப்பட்டவரும் உண்டு. அடுத்த கோடையில், 1934 ஜூலையில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டைரோன்சாவில் வெள்ளையரும் கருப்பரும் ஒன்றாய்க் கூடி ஒரே சங்கம் அமைத்தனர். கோடைக் காலத்துப் பாட்டுக் கூட்டங்களைப் பாடியவர்களின் ஏடுகளில் இந்தக் கூட்டத்திற்கு இடமில்லை.

சிறுவர்க்கென எழுதப்பட்ட ஒரு நாவலையும் சேர்த்துக்கொள்கிறேன். கருப்பின எழுத்தாளர் மில்டிரெட் டெய்லர் 1976-இல் வெளியிட்ட 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1977-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. 1933-ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியில், சொந்த நிலம் நானூறு ஏக்கர் வைத்திருக்கும் லோகன் என்ற கருப்பினக் குடும்பத்தின் கதை. சிறுமி ஒருத்தி சொல்கிறாள். நிலத்தின் மீது பெரிய பண்ணையார் கண் வைத்திருக்கிறார். வரி கட்டவும் அடமானம் தீர்க்கவும் தந்தை தொலைவிலே இரயில் பாதை வேலைக்குப் போகிறார். தாய் பள்ளி ஆசிரியை. தன்மானத்தோடு வாழ ஒரு குடும்பம் ஓராண்டுக்கு எவ்வளவு பணம் திரட்ட வேண்டும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உணரும்படி எழுதியிருக்கிறார் டெய்லர். தோழர்கள் தம் வீட்டுச் சிறுவர்க்கு எடுத்துச் சொல்லத்தக்க கதை.

குறை இல்லாமல் இல்லை. தந்தை, தாய், பாட்டி மூவரும் தவறே செய்யாதவர்களாக நிற்கிறார்கள். காப்பிடம் காணும் பிடிவாதமும், தந்தையோடு அவருக்கிருந்த பிணக்கும் போன்ற கரடுமுரடு இங்கே இல்லை. சிறுவர் நூல் என்பதால் பொறுக்கலாம்.

இது பழங்கதை என்று யாரேனும் கூறினால், இரண்டு எண்கள் போதும். 1920-இல் அமெரிக்காவில் கருப்பின உழவர் ஏறத்தாழ 9 இலட்சத்து 25 ஆயிரம் பேர். 2022-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பிலே அவர்கள் ஐம்பதாயிரம்கூட இல்லை. எந்திரமும் நகரமும் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டன; மறுக்கவில்லை. ஆனால் அரசின் வேளாண் துறையே கடன் வழங்குவதில் நிறம் பார்த்தது என்று கருப்பின உழவர் வழக்காடி, 1999-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி இழப்பீடு பெற்றனர். கணக்கேடு நிலக்காரர் கையிலிருந்து அலுவலகத்தார் மேசைக்கு மாறியிருந்தது.

படிக்க விரும்பும் தோழர்களுக்கு என் வரிசை இது: முதலில் காப்பின் நூல், பெரியது, ஆனால் விட்டு விட்டுப் படிக்கலாம். அடுத்து 'காட்டன் டெனன்ட்ஸ்', எவன்ஸின் படங்களோடு. ஏஜியின் பெருநூல் பொறுமை உள்ளவர்க்கு. லைட்டிலின் கட்டுரையையும் விட்டுவிட வேண்டாம். நன்றாக எழுதத் தெரிந்தவர் எதையெல்லாம் எழுதாமல் விட முடியும் என்பதை அதிலே காணலாம். டெய்லரின் நாவலை வீட்டுச் சிறுவரோடு சேர்ந்து படியுங்கள். அதன் முடிவில், ஆகஸ்டு இரவொன்றில், கொலைவெறிக் கும்பலைத் திசைதிருப்ப லோகன் தம் சொந்தப் பருத்திக்கே தீ வைக்கிறார். தீயை அணைக்க வெள்ளையரும் கருப்பரும் ஒரே வரிசையில் நின்று மண் வெட்டிப் போடுகிறார்கள். விடிந்ததும், எரிந்துபோனது எவ்வளவு, அடுத்த ஆண்டு வரிக்கு என்ன செய்வது என்ற பேச்சு அந்த வீட்டில் தொடங்குகிறது.